கட்டையில் ஓடிய வேன்

பெட்ரோல் பங்க் வாசலில் கயிறு கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டபோது, ரெண்டு நாளில் அவிழ்த்துவிடுவார்கள் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். துறைமுகத்துக்குக் கப்பல் வரவில்லையாம், வந்துவிடுமாம். துணி வெயிலில் வெளுத்தது. கயிற்றின் மேல் காக்கை வந்து உட்கார்ந்தது. பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு அது கால் வலிக்கிற விஷயம், அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. அவள் புருஷனுக்கு ரெண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. வாரத்துக்கு ரெண்டு தடவை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டயாலிசிஸ் மெஷினில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர் ஓடும். கொஞ்ச நாள் ஆம்புலன்ஸ் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. ஒரு தடவை தவறியபோது அவருக்குக் கால் வீங்கியது. அடுத்ததும் தவறியபோது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஊரில் பாதிக் கடைகள் அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கையை இப்போது விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவே இல்லை.

அவளை ஊரில் 'தூள் மேடம்' என்பார்கள். மரமில்கள் நிறைந்த ஊர் அது. மில்லுக்கு மில் மரத்தூளும் பட்டையும் துண்டுக் கட்டையும் மலையாகக் குவிந்து கிடக்கும். அந்தக் கழிவிலிருந்து வண்டிக்கு எண்ணெய் எடுக்கப்போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. அதில் அவள் ஷிப்ட் இன்சார்ஜ். பெயர் வைத்தபோது அது பெருமையாகத்தான் இருந்தது. தூள் கிளப்புகிற மேடம் என்று அர்த்தம். ஆனால் எண்ணெய் கறுப்பாக, புளித்த காடி மாதிரி வந்தது. சோதனைக்கு ஊற்றிய லாரியின் இன்ஜின், பாகு காய்ச்சின பாத்திரம் மாதிரி ஒட்டிப்போய்ச் செத்தது. கம்பெனி கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் தங்கியது, அதைச் சொல்கிற ராகம் மாறிவிட்டது.

கொழுந்தனிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கின வேன். கம்பெனியோடு அந்தப் பிழைப்பும் போய், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"தம்பி, வண்டியில பெட்ரோல் எவ்ளோ இருக்கு?"

"ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ற அளவுக்கு இருக்கு. ஏன் அண்ணி?"

"ஸ்டார்ட் ஆனா போதும். மீதியைக் கட்டையில ஓட்டிக்கலாம்."

அவன் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவை உங்க பேச்சைக் கேட்டு ஒரு ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கு."

"அது எண்ணெய். நான் சொல்றது வாயு. அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் பொகைதான்."

"உங்க அண்ணன் உட்கார்ந்துகிட்டே தூங்குறார் தம்பி. நேத்து என் பேரை மறந்துட்டார். கொஞ்ச நேரம்தான். ஆனா மறந்துட்டார்."

கொழுந்தன் திரும்பினான். உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து வந்தான்.

பூட்டிய கம்பெனியின் பின்சுவர் மழையில் இடிந்து கிடந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று ரெண்டு பேரும் அது வழியாக உள்ளே போனார்கள். அவள் தேடிப்போனது ஒரு சின்ன வாயு அடுப்பு. தோளுயர இரும்பு டிரம், அடியில் காற்றுப் போக நாலைந்து துவாரம், ஒரு வடிகட்டி, ஒரு குளிர்விக்கிற குழாய், கையால் சுற்றுகிற ஊதுவிசிறி. மேலே கட்டையைக் கொட்டி மூடி, காற்றை அரைகுறையாக விட்டால், கட்டை கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று வாயுவைக் கக்கும். அதை ஆறவைத்து வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பினால் பெட்ரோல் செய்கிற வேலையைப் பாதி பலத்தில் செய்யும். கம்பெனிக்கு விருந்தாளிகள் வந்தால் இதில் ஒரு ஜெனரேட்டரை ஓட்டி விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். பெரிய மெஷினெல்லாம் காலை வாரியபோதும் இது ஒருநாளும் தகராறு செய்ததில்லை. ஆனால் இதைக் காட்டி யாரும் பெரிய மனுஷன் ஆக முடியாது. அதனால் அதைச் சீந்த ஆளில்லை.

கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வேனுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் அடித்து நிறுத்தினார்கள். கொழுந்தன் குழாயை இன்ஜின் வரைக்கும் இழுத்து இறுக்கினான். அவள் மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தாள்.

"இது கசிஞ்சா என்ன அண்ணி ஆகும்?"

"தலை வலிக்கும். தூக்கம் வரும். தூங்கினா எழுந்திருக்க மாட்டோம்."

"நல்லாச் சொல்றீங்க போங்க."

"ஜன்னல் எதையும் மூடாதே. எனக்குத் தூக்கம் வருதுன்னு யார் சொன்னாலும் வண்டியை நிறுத்து."

கட்டைதான் சிக்கலாகிவிட்டது. ஊரெல்லாம் மரக்கழிவு, ஆனால் அத்தனையும் மழையில் ஊறியது. தூளைக் கொட்டினால் மூச்சுத் திணறி அடுப்பு அணைந்துவிடும். தீப்பெட்டி அளவுத் துண்டு வேண்டும், எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். வீட்டில் காய்ந்த மரம் என்று இருந்தது அவருடைய பலகைச் சட்டங்கள் மட்டும்தான். எழுதுவதற்காக இழைத்து, சுவரோரம் சாத்தி வைத்தவை. அவள் அவரிடம் கேட்கவில்லை. அவரே நாற்காலியிலிருந்து சொன்னார்.

"பெயிண்ட் அடிச்சதை விட்டுடு. அடிக்காததை எடு. அறுக்கும்போது நேரா அறு, கோணலா அறுத்தா எனக்குப் பார்க்கச் சகிக்காது."

"எரிக்கப் போறதுக்கு நேரா என்ன, கோணல் என்ன?"

"பார்க்கிறது நான்தானே."

காலையில் கிளம்பினார்கள். அடுப்பில் கரித்துண்டு போட்டு மூட்டி, அவள் விசிறியைச் சுற்றினாள். குழாய் வாயில் வெள்ளைப் புகை வந்தது, மெலிந்தது. தீக்குச்சியைக் காட்டியதும் நீலமாகப் பற்றி நின்றது. கொழுந்தன் கடைசிப் பெட்ரோலில் இன்ஜினைக் கிளப்பி, வாயுவுக்கு மாற்றினான். வண்டி இருமியது, விக்கியது, நின்றுவிடும் என்று நினைத்தபோது ஓட ஆரம்பித்தது. தெருவில் கதவுகள் திறந்தன. பல நாளாக இன்ஜின் சத்தமே கேட்காத ஊர்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தபால்காரரின் மகள் வந்தாள். சைக்கிள் கேரியரில் அப்பாவை உட்கார வைத்து, மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தாள். தபால்காரர் ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியில் பக்கத்து மெஷின் அவருடையது. அவருக்கும் முகம் உப்பியிருந்தது.

"அக்கா, அப்பாவையும் ஏத்திக்கோங்க. நான் வரல. அவர் மட்டும்."

வேனுக்குள் அவள் புருஷன் சீட்டில் சாய்ந்திருந்தார். மீதி இடம் முழுக்கக் கட்டை மூட்டை. தபால்காரர் ஏறினால் மூட்டைகளை இறக்க வேண்டும். மலை ஏறுகிற வரைக்கும் ஒவ்வொரு துண்டும் வேண்டும் என்று அவள் மனக்கணக்குப் போட்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேம்மா. கண்டிப்பா வருவேன்."

மகள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். தபால்காரர்தான் சிரித்தார். "பரவாயில்லம்மா. இத்தனை வருஷமா எல்லாரும் வாசல்ல நின்னு எனக்காகக் காத்திருந்தாங்க. ஒரு நாள் நான் காத்திருக்க மாட்டேனா?"

உள்ளிருந்து புருஷன், "மூட்டையை எறக்கு, அவரை ஏறச் சொல்லு" என்றார்.

"முடியாதுங்க."

"எறக்குன்னு சொல்றேன்."

அவள் கதவைச் சாத்திவிட்டு, "எடு தம்பி" என்றாள்.

சமதரையில் வண்டி ஓரளவு ஓடியது. மலை ஆரம்பித்ததும் முதல் கியருக்கு வந்தது, அதற்கப்புறம் அந்தக் கியரைவிட்டு மாறவே இல்லை. பக்கத்தில் நடந்துபோன ஒரு மாடு அவர்களை முந்தியது. அவள் வளைவுக்கு வளைவு இறங்கி, மூடியைத் திறந்து கட்டை கொட்டினாள். புருவம் பொசுங்கியது. மேலே போகப் போக மூட்டைகள் அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியாயின. கணக்குத் தப்பிவிட்டது. கணவாய்க்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது கடைசி மூட்டையும் தீர்ந்து, வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. கொழுந்தன் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தான். அவள் புருஷன் வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

ரோட்டோரம் ஒரு கொட்டகை தெரிந்தது. கையில் இழைப்புளியோடு ஒரு ஆள் வெளியே வந்தார். கொட்டகைக்குள் சவப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"என்னங்க இது, வேனா ரயிலா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். பெட்டிக்காரர் கொட்டகையில் இருந்த துண்டுக் கட்டைகளையெல்லாம் கூடையில் வாரிக் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டு, போதாது என்று தலையாட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்து, மூலையில் இருந்த பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"இதை உடைச்சுக்கலாம். அளவு கொடுத்தவர் இன்னும் உயிரோடதான் இருக்கார். இன்னைக்கோ நாளைக்கோன்னு அவசரப்படுத்திச் செய்யச் சொன்னாங்க. மனுஷன் பொழைச்சுக்கிட்டே போறார்."

வேனுக்குள்ளிருந்து அவள் புருஷனின் குரல் இழைமாதிரி வந்தது. "அவர் நல்லா இருக்கட்டும். அவருக்கு முன்னாடி நான் அந்தப் பெட்டியில போய்க்கறேன்."

பெட்டிக்காரர் சிரித்துவிட்டார். கொழுந்தனும் சிரித்தான். அவள் கோடரியை வாங்கி வெட்ட ஆரம்பித்தாள், வெட்டும்போது அழுதாள். மரம் நன்றாகக் காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. புருஷனை இருவரும் தாங்கிப் பிடித்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். டயாலிசிஸ் வார்டில் விளக்கு இல்லை. மெஷின் எதுவும் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு நர்ஸ் நின்று ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டால் மெஷினுக்குள் நிற்கிற ரத்தத்தைக் கையால் சுற்றித்தான் உடம்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வராந்தா நெடுக ஆட்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

மூத்த சிஸ்டர் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "எப்படி வந்தீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல், "வந்தும் பிரயோஜனம் இல்லையேம்மா" என்றாள். "லைன் கரண்ட் எப்பவாவது வருது, போயிடுது. ஜெனரேட்டருக்கு டீசல் ஒரு டப்பாதான் மிச்சம். ஓட்டினா ரெண்டு மணி நேரத்துக்கு மேல வராது. பிரசவ அறைக்குன்னு அதையும் தொடாம வச்சிருக்கோம்."

அவள் வராந்தாவில் நின்றாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. இத்தனை தூரம் வந்து வாசலில் விழுந்து சாவதற்கா? பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும், அது தோன்றாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"சிஸ்டர், ஜெனரேட்டர் எங்க இருக்கு?"

டீசல் இன்ஜின் வெறும் வாயுவில் ஓடாது. ஆனால் அது காற்றிழுக்கிற வாயில் மரவாயுவைக் கலந்துவிட்டால், துளித்துளியாக டீசல் போதும். ரெண்டு மணி நேரத்து டீசலில் எட்டு மணி நேரம் ஓட்டலாம். கம்பெனியில் செய்து பார்த்தது. ஆஸ்பத்திரிப் பின்பக்கம் மருந்து வந்த மரப்பெட்டிகளும் உடைந்த கட்டில்களும் கூரைக்கடியில் காய்ந்து கிடந்தன.

கொழுந்தன் ஸ்பேனரோடு வேனுக்குப் பின்னால் குனிந்தான். குனிந்தவன் நிமிர்ந்தான்.

"அண்ணி, இதைக் கழட்டிட்டா நாளைக்கு ஊருக்கு எப்படிப் போறது?"

"தெரியும்."

"தபால்காரர்..."

"தெரியும் தம்பி. கழட்டு."

ஜெனரேட்டர் ஷெட்டின் எல்லாக் கதவையும் திறந்துவைத்து, ஆபரேட்டருக்கு எச்சரிக்கை சொல்லி, கிழிந்த ரப்பர் குழாயைக் கம்பியால் கட்டி, கடைசியில் இன்ஜினைக் கிளப்பினார்கள். மாடியில் விளக்கு எரிந்தது. யாரோ கை தட்டினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் புருஷன் முறை வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அவள் ஷெட்டைவிட்டு நகரமுடியவில்லை. கை பாளம் பாளமாக வெடித்திருக்க, மருந்துப் பெட்டிகளை உடைத்து அடுப்பில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர் தெளிவாக இருந்தார். முதல் பேச்சே, "எப்போ கிளம்புறே?" என்பதுதான்.

அவள் சிஸ்டரிடம் போனாள். அரை நாள் அடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டு வருகிறேன் என்றாள். அரை நாளில் முடியாது என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். சிஸ்டர் மறுக்கவில்லை. அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள், அவ்வளவுதான். சேதி பரவி, நேற்றைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். சிலர் டிராக்டரின் அடியில் தங்கியிருந்த டீசலைப் பாட்டிலில் வடித்து எடுத்து வந்திருந்தார்கள். ஒரு புருஷன் பெண்டாட்டியை முதுகில் சுமந்து வந்திருந்தான், இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"நான் சைக்கிள்ல போறேன் அண்ணி" என்றான் கொழுந்தன். ஆபரேட்டரின் சைக்கிளை வாங்கிக்கொண்டான். ஊரில் கைவண்டி இருக்கிறது, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தபால்காரரைத் தள்ளியே கொண்டு வந்துவிடலாம் என்றான். மலை மேல் கைவண்டியா என்று யாரும் கேட்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

அடுத்த நாள் அவன் தனியாகத்தான் வந்தான். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு ஷெட்டு வாசலிலேயே உட்கார்ந்தான். அவள் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"நான் போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு அண்ணி. நேத்து சாயங்காலமே. காலையில இருந்து சலவைச் சட்டை போட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தாராம். நீங்க வருவீங்கன்னு."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டியான்னு கேட்டுச்சு."

அவள் அடுப்பு மூடியைத் திறந்தாள். கட்டை கொட்டினாள். மூடினாள். அடுப்பு யாருடைய துக்கத்துக்கும் காத்திருக்காது.

புருஷன் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெஷினில் படுத்திருக்கும்போது பக்கத்து மெஷினைப் பார்த்தபடியே இருப்பார். அதில் இப்போது வேறு யாரோ படுத்திருப்பார்கள், யாரென்று தெரியாத ஒருவர், அவருக்கும் உயிர் வேண்டியிருந்தது. நாள் போனது. கட்டில்கள் தீர்ந்து, அக்கம்பக்கத்து மரப்பட்டறைக்காரர்கள் துண்டுக் கட்டைகளைத் தலையில் சுமந்து வந்து போட்டார்கள். ஒருநாள் மத்தியானம் அவர் கையில் பஞ்சுக் கட்டோடு மெல்ல நடந்து ஷெட்டுக்கு வந்தார். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உடைத்த பலகைகளிலிருந்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"ஆணியோட போட்டா அடுப்புக்குக் கெடுதல்தானே?" என்றார்.

"கெடுதல்தான்."

"அப்புறம் ஏன் போடுறே?"

"பிடுங்க ஆள் இல்லை."

அவர் அடுத்த பலகையை இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் வந்தார்.

கப்பல் வந்தது, டீசல் லாரிகள் வந்தன, ஜெனரேட்டருக்கு வாயு தேவைப்படாமல் போயிற்று. அடுப்பை அங்கேயே விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். அவர் வாசலில் இறங்கி வீட்டுக்குள் போனார். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தபால்காரர் வீட்டுக்கு நடந்தாள். வழியில் யாரோ வணக்கம் சொன்னார்கள், ஆஸ்பத்திரி சங்கதி ஊருக்கு வந்திருந்தது. அவளுக்குக் காதில் விழவில்லை.

மகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

மகள்தான் முதலில் பேசினாள். "அன்னைக்கு வேன்ல நிஜமாவே இடம் இல்லையா அக்கா?"

"இருந்துச்சும்மா. மூட்டையை எறக்கியிருந்தா இருந்திருக்கும்."

"எறக்கியிருந்தா போய்ச் சேர்ந்திருப்பீங்களா?"

"தெரியாது. எறக்காமலேயே நடு வழியில நின்னுட்டோம். இன்னொருத்தர் கட்டை கொடுத்தார்."

"எங்கப்பா வண்டியில இருந்திருந்தாலும் அவர் கொடுத்திருப்பார்ல?"

"கொடுத்திருப்பார்" என்றாள் அவள். அதை அவள் இதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தாள்.

மகள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அதன் முனையை நேராக இழுத்துவிட்டாள்.

"வெயில்ல நிக்காதீங்க" என்றாள் கடைசியில். "உள்ள வந்து உட்காருங்க."